திடல் பேய்க்கு ஒரு பாகம்

கொரியாவில் எடுத்த ஒரு பேய்ப்படத்தைப் பாதி வரைக்கும் பார்த்ததால் ஒரு வீடு விலைபோக இருந்தது. விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் படம் ஓடியபோது நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறி, கடல் வருவதற்கு முன்பே இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் அந்த வீடு வரும். சுற்றிலும் வயல். நடுவில் ஆள் உயரத்துக்கு மேடாக ஒரு திடல். திடலின் மேற்கு ஓரத்தில் ஓட்டு வீடு. கிழக்கு ஓரத்தில் ஒரு நுணா மரம், அதன் அடியில் படுக்கவைத்த ஒரு செங்கல். வீட்டுக்காரி எனக்கு அக்கா. கூடப் பிறந்தவள் அல்ல. ஒரு காய்ச்சலின்போது நீராகாரம் ஊற்றியவள். அதற்குப் பிறகு வேறு உறவு தேவைப்படவில்லை.

நான் புதுக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் பிறந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அதிராம்பட்டினத்தில் படகுகளுக்கு ஐஸ் சுமந்தேன். கும்பகோணத்தில் ஓட்டலுக்கு மாவாட்டினேன். லாரியில் கிளீனராகப் போனேன், உப்பளத்தில் கிடந்தேன். ஒரு வேலையை விட்டால் அடுத்த வேலை என்று போனதில் கல்யாணம் செய்துகொள்ளத் தோன்றவில்லை. எங்கே இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை அந்தத் திடலுக்கு வந்து சில நாள் தங்கிப் போவேன். அக்கா என்னைப் பார்த்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைதான் சொல்லுவாள்.

"வந்துட்டியா. நீயும் மரத்தடியில கெடக்கறதும் ஒண்ணுதான். வருஷத்துக்கு ஒரு தடவ வந்து சோறு கேப்பீங்க."

அந்த வருஷம் நான் போனது ஐப்பசி மழையில். அக்காவின் வீட்டுக்காரர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே மகன், சென்னைக்குப் பக்கத்தில் கொரியாக்காரர்கள் நடத்தும் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். மருமகள் தஞ்சாவூர்க்காரி. டூவீலர் மெக்கானிக்கின் மகள், பி.காம் படித்தவள். அப்போது ஆறாம் மாதம். சென்னையில் அவர்கள் இருந்தது ஒற்றை அறை. தண்ணீருக்கும் தட்டுப்பாடு. அதனால் வளைகாப்பு வரை மாமியார் வீட்டில் இருக்கட்டும், பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகட்டும், பிறகு பிள்ளையோடு திடலுக்கே வந்துவிடட்டும் என்று பேசியிருந்தார்கள். பேரப்பிள்ளை அந்தத் திடலில் தவழ வேண்டும் என்பது அக்காவுக்கு ஒரே ஆசை. அவள் ஆசைப்பட்டு நான் பார்த்தது குறைவு.

மருமகளிடம் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இருந்தது. அந்த வீட்டில் டிவி, மிக்சி, மின்விசிறி எல்லாமே ஒவ்வொரு ஆட்சி கொடுத்ததுதான். மகன் ஊருக்கு வந்தபோது பென்டிரைவில் சில படங்கள் போட்டுக் கொடுத்திருந்தான். அவன் கம்பெனியில் இருக்கும் கொரியாக்காரர்கள் பார்க்கும் படங்களாம், தமிழில் பேசும்படி மாற்றியவை. விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அவள் அதில் ஒன்றைப் போட்டாள்.

"சித்தப்பா, பேய்ப்படம் பாப்பீங்களா?"

"பேய்க்கு நான் பயப்பட மாட்டேன். லாரி டிரைவருக்குத்தான் பயந்திருக்கேன்" என்றேன்.

அக்கா முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு உருவிக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொரியா என்றால் எனக்கு கார்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கேயும் வயல் இருக்கும் என்று யோசித்ததில்லை. படம் சேற்று வயலில்தான் தொடங்கியது. வரப்பு, மடை, நாற்று முடி, குனிந்த முதுகுகள். எங்கள் பெண்களைப் போலவே பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டார்கள். மலை மட்டும்தான் கூடுதலாக இருந்தது.

"அக்கா, இங்க பாரு, நடவு" என்றேன்.

அவள் ஒரு கணம் எட்டிப் பார்த்தாள். "ரொம்ப நெருக்கி வைக்கிறாளுவ. தூர் கட்டாது" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள்.

கதை இதுதான். பட்டணத்தில் இருக்கும் ஒருத்தியைப் பிரசவத்துக்காகக் கணவன் தன் அம்மாவின் கிராமத்துக்குக் கூட்டிவருகிறான். வீட்டின் பின்னால் பழைய நெல் கொட்டகை ஒன்று, யாரும் திறப்பதில்லை. விடிந்து பார்த்தால் முற்றத்தில் சேற்றுக் கால் தடங்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் ஒரு கிழவர் சொல்கிறார். முன்னொரு காலத்தில் அந்த வீட்டில் வேலை செய்த ஒருத்தி விதைநெல்லைத் திருடினாள் என்று சொல்லி அவளைக் கொட்டகையில் பூட்டினார்களாம். திறந்தபோது அவள் உயிரோடு இல்லை. அந்த வீட்டில் ஒருத்தி வயிறு நிறைந்திருக்கும்போதெல்லாம் அவள் வருவாள்.

இங்கே வந்ததும் மருமகளின் கை தன் வயிற்றின் மேல் போனதைப் பார்த்தேன். படத்தை நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள் நிறுத்தியிருக்கவும் மாட்டாள்.

பேயை விரட்ட ஒரு பூசாரியம்மாவை அழைத்துவருகிறார்கள். சிவப்பும் நீலமுமாக உடை, கையில் மணி. வைக்கோல் வெட்டும் கத்திகளை நிமிர்த்திவைத்து அவற்றின் மேல் வெறுங்காலோடு ஏறி நிற்கிறாள். எங்கள் பக்கத்தில் சாமி வந்தவர்கள் அரிவாள் மேல் ஏறி நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் முகமும் அப்படியே இருந்தது. மேளம் உச்சத்துக்குப் போகிறது, கொட்டகைக் கதவு தானாகத் திறக்கிறது. அந்த இடத்தில் லேப்டாப் அணைந்தது. கரண்டு போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அந்தப் பாட்டரியும் பழையது.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது. மருமகள் திரும்பி, திறந்திருந்த பின்கதவு வழியாக நுணா மரத்தைப் பார்த்தாள்.

"அத்தை, நம்ம மரத்துல ஏதோ இருக்குன்னு தெருவுல சொன்னாங்க. யாரு அது?"

அக்கா கீரைக் காம்புகளை ஒதுக்கினாள். "யாரோ ஒரு நடவாளு" என்றாள். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவளைப் பற்றிச் சொல்லுவது போலச் சொன்னாள்.

அத்தோடு போயிற்று. அன்று மாலையே மருமகள் பின்பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். கழிப்பறை பின்பக்கம்தான். அக்கா கூடவே போய் நிற்க வேண்டியிருந்தது. மறுநாள் அவள் மகனோடு போனில் பேசியது எனக்கும் கேட்டது. "பிள்ளையத் தூக்கிட்டு நான் இந்த வீட்டுக்கு வர மாட்டேன். வயித்துல இருக்கறப்பவே இப்படி இருக்கு." அவள் குரலில் அழுகை இல்லை. முடிவு செய்துவிட்டவள் குரல்.

மகன் அம்மாவைக் கூப்பிட்டான். கிழக்கே இறால் குட்டை வெட்டும் ஒருவர் திடலையும் வயலையும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கொடுத்துவிடலாம். சென்னையில் இரண்டு அறை வீடாகப் பார்த்துக்கொள்ளலாம், நீயும் வந்துவிடு என்றான். அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு போனை மருமகளிடம் கொடுத்தாள்.

மருமகள் கெட்டவள் அல்ல. அன்று சாயங்காலம் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, நிலத்தை விக்கணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை இல்லீங்க. அந்தப் படத்துல வந்த மாதிரி யாரையாவது கூட்டிட்டு வந்து அதை விரட்டிடுங்க. நான் வந்துடறேன்."

"அதை ஏம்மா விரட்டணும்? அது நம்மள விரட்டலியே."

"அப்ப நான் போறதா, அது போறதா?"

மறுநாள் அக்கா வாய்க்காலுக்கு அப்பால் உள்ள ஊருக்கு ஆள் அனுப்பி, பேய் ஓட்டும் பூசாரி ஒருவரை அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னாள். சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு பொழுது முழுக்கப் பாத்திரம் துலக்கினாள்.

அந்த நிலையில்தான் நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் பயம் தீரும், பூசாரியும் வேண்டியதில்லை, விற்கவும் வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். ஏனென்றால் அந்தப் பேய் எப்படிப் பிறந்தது என்று எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் நானே அந்தத் திடலுக்கு வந்து சேர்ந்தேன்.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதுசு. ஊர்ச் சுவரெல்லாம் புதுக் கொடி. ஆனால் வயலில் பண்ணை வைத்ததுதான் சட்டம். அறுவடையில் ஒரு பிடி நெல் கூடுதலாகக் கூலி கேட்டு, உள்ளூர் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். பண்ணை வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கியது. அப்படி இறங்கியவர்களில் நான் ஒருவன். எனக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. எதற்காகக் கூட்டி வந்தார்கள் என்று எங்கள் மேஸ்திரி சொல்லவில்லை. நாங்கள் வயலில் இறங்கியபோது வரப்பு நெடுக ஆணும் பெண்ணும் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொரியாப் படத்தில் பட்டணத்துக்காரி பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஊர்க்காரர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். அந்த இடத்தில் எனக்குப் படம் பிடித்துப்போனது. மறுநாள் கல் பறந்தது, போலீஸ் வந்தது, மேஸ்திரி ஓடிப்போனார். எனக்குக் காய்ச்சல். ஓட முடியாமல் திடலில் ஏறிப் படுத்தேன். யாரும் வராத இடமாக அது ஒன்றுதான் தெரிந்தது.

அங்கே ஒரு குடிசை இருந்தது. புதுசாகக் கல்யாணமான அக்காவும் அவள் வீட்டுக்காரரும் இருந்தார்கள். முன்பு வாய்க்கால் கரையில் பண்ணை மண்ணில் இருந்தவர்கள். குடியிருக்கிறவனுக்கே மனை என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு. வருவதற்குள் கிளப்பிவிட வேண்டும் என்று பண்ணையின் காரியக்காரர் ஆள் வைத்துக் குடிசையைப் பிரித்துப் போட்டார். இவர்கள் திடலுக்கு வந்தார்கள். அங்கே அடியாட்கள் வரவில்லை. காரணம், பேய்.

அக்கா வீட்டுக்காரர் விவசாயக் கூலிகளின் சங்கத்துக்காரர். பேயும் இல்லை பூதமும் இல்லை என்று கூட்டத்தில் பேசுகிறவர். அவர்தான் பேயைக் கட்டிவிட்டார். நடவின்போது வயலிலேயே விழுந்து செத்த ஒருத்தி, கையில் நாற்றோடு திடலின் ஓரத்தில் நிற்கிறாள் என்று காரியக்காரரின் வண்டிக்காரனிடம் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் என்ன வேண்டும்? ரெண்டொரு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருத்தர் அவளுக்கு விரிந்த கூந்தலைச் சேர்த்தார். இன்னொருத்தர் காலில் தண்டையைப் போட்டார். அந்தி சாயும் நேரம் பயிருக்குள் உட்கார்ந்து குலவை போட்டது அக்கா. அவளுக்கு அப்படி ஒரு குரல். இரண்டு வாய்க்கால் தாண்டிக் கேட்கும். அதன் பிறகு பொழுது சாய்ந்தால் பண்ணை ஆட்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சங்கத்துக் கூட்டமெல்லாம் திடலில்தான் நடந்தது. என்னையும் அங்கேதான் மறைத்துவைத்தார்கள்.

தப்பு எங்கே நடந்தது என்றால், பேயை அளவுக்கு மீறி நன்றாகச் செய்துவிட்டார்கள். சில வருஷம் கழித்து உச்சவரம்புக்கு மேல் இருந்த பண்ணை நிலத்தை அரசாங்கம் எடுத்துப் பிரித்துக் கொடுத்தது. சங்கிலி பிடித்து அளந்தார்கள். அந்த நாளுக்காகத்தான் அத்தனை அடியும் வாங்கியிருந்தார்கள். திடலும் அதை ஒட்டிய ஒரு ஏக்கரும் யாருக்கு என்று அதிகாரி கேட்டபோது ஒருவரும் கை தூக்கவில்லை. பேயைக் கட்டிவிட்டதில் அங்கே நின்ற பாதிப் பேருக்குப் பங்கு உண்டு. கூந்தல் வைத்தவர் கூந்தல் மட்டும்தான் பொய், மற்றதெல்லாம் உண்மை என்று நினைத்தார். தண்டை போட்டவர் தண்டையைத் தவிர மற்றதை நம்பினார். கடைசியில் அக்கா வீட்டுக்காரர்தான் கை தூக்கினார். நல்ல எடுப்பான நிலம். யாரும் போட்டிக்கு வரவில்லை.

இதையெல்லாம் மருமகளிடம் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. கடைசியில் சிரித்தே விட்டாள்.

"அப்ப பேயி நம்ம அத்தைதானா? நல்லா இருக்கே கதை."

அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றாள்.

"தம்பி சொன்னதெல்லாம் சரிதான். அவரு கட்டிவுட்டதுதான், நான் குலவை போட்டதுதான். ஆனா நான் போட்டது கொஞ்ச நாளு. சண்டை ஓஞ்சதும் நிறுத்திட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் கேட்டுச்சு."

மருமகளின் சிரிப்பு நின்றது. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கு அது தெரியாது. நீ ஊரு சுத்தப் போயிட்ட. அவரும் கேட்டாரு. பேய் இல்லன்னு சொன்ன மனுஷன், அன்னிக்கு வெளியில வந்து கொஞ்ச நேரம் நின்னுட்டு, உள்ள வந்து, அறுப்பு முடிஞ்சதும் மொதச் சோத்துல ஒரு இலை அங்க வச்சுடுன்னாரு. அதுலேர்ந்து வைக்கிறேன். வூட்டுல நல்லது எது நடந்தாலும் அதுக்கு ஒரு இலை. வச்சதுக்கப்பறம்தான் ஒம் புருஷன் பொறந்தான்."

"அக்கா, அது வேற யாராவது…" என்றேன்.

"வேற யாரா வேணா இருக்கட்டும். நாம கட்டிவுட்டதாவே இருக்கட்டும். இத்தினி வருஷம் சோறு போட்டிருக்கேன். இப்ப வந்து அது இல்லவே இல்லன்னு சொன்னா, நான் யாருக்குப் போட்டேன்?"

நான் சொன்ன உண்மையால் ஆன ஒரே காரியம், மருமகளின் பயம் இரட்டிப்பானதுதான். அதுவரை மரத்தில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் பயந்தவள், இப்போது அது மாமியாரின் குரலில் குலவை போடும் என்று பயந்தாள்.

மழை விட்டது. கம்பங்களை நிமிர்த்திக் கரண்டு கொடுக்க இரண்டு மூன்று நாள் ஆயிற்று. கரண்டு வந்ததும் மருமகள் முதலில் லேப்டாப்பைச் சொருகினாள். பயந்தவர்களுக்குத்தான் முடிவு தெரிய வேண்டியிருக்கிறது. வெயில் நன்றாக அடிக்கும் நேரமாகப் பார்த்து, என்னையும் அக்காவையும் இரண்டு பக்கத்திலும் உட்கார வைத்துக்கொண்டு மீதிப் படத்தைப் போட்டாள். இந்த முறை அக்கா கையில் வேலை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கொட்டகைக் கதவு திறக்கிறது. பூசாரியம்மா மணியை ஆட்டிப் பேயை விரட்டுகிறாள். வயலைத் தாண்டி ஏதோ ஒன்று சேற்றைக் கலக்கிக்கொண்டு ஓடுகிறது. ஊரே சந்தோஷப்பட்டு விருந்து வைக்கிறது. மறுநாள் கொட்டகையை இடித்து, மரத்தையெல்லாம் எரித்துவிடுகிறார்கள். பிள்ளை பிறக்கிறது. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. அப்புறம் ஒரு காலையில் சேற்றுக் கால் தடம் மறுபடியும் தெரிகிறது. இந்த முறை முற்றத்தில் அல்ல, வீட்டுக்குள்ளே. கூடத்தில், அடுப்படியில், தொட்டிலுக்குப் பக்கத்தில். எல்லாக் கதவும் தாழ் போட்டபடி இருக்கிறது. மாமியார்க்காரி தொட்டிலைப் பார்த்து ஓடி வருகிறாள். குனிந்து பார்க்கிறாள். அவள் காலிலேயே சேறு. படம் முடிந்தது.

மருமகள் லேப்டாப்பை மூடக்கூட இல்லை.

"ஏன் அத்தை, விரட்டிட்டாங்கல்ல? அப்புறம் ஏன் வந்துச்சு?"

"எங்க போவும்? கொட்டாயில இருந்துச்சு. கொட்டாயப் பிரிச்சுட்டாங்க. எங்களையும் வாய்க்காக் கரையிலேர்ந்து பிரிச்சுத்தான் போட்டாங்க. நாங்க எங்க போனோம்? மண்ணுக்குள்ளயா போனோம்? இன்னொரு எடத்துல வந்து குந்துனோம்ல." அக்கா கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, படம் முழுக்க ஒரு ஆளாவது அதுக்குச் சோறு வச்சாங்களா? நான் கண்ணு சரியாத் தெரியாம வுட்டுட்டனோ?"

மருமகள் அதை உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள். பி.காம் பரீட்சைக்கும் இப்படித்தான் யோசித்திருப்பாள் போலிருக்கிறது.

"இல்ல அத்தை. பன்னித் தலை வச்சாங்க, பழம் வச்சாங்க. அது பூசாரியம்மாவோட சாமிக்கு. அதுக்கு வைக்கல."

"சோறு திருடுனான்னு சொல்லித்தான கொன்னாங்க அவளை."

"விதைநெல்லு."

"சோறுதான் அது" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை பூசாரி மொபட்டில் வந்து இறங்கினார். பையில் உடுக்கை, எலுமிச்சம்பழம், வேப்பிலைக் கட்டு. நெற்றி நிறைய விபூதி. திடலை ஒருமுறை சுற்றி வந்து, மரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டி, "பலமாத்தான் இருக்குது. கெளப்பிடலாம்" என்றார்.

அக்கா மருமகளைப் பார்த்தாள். மருமகள் முன்னால் வந்தாள்.

"கெளப்ப வேணாங்க. அங்கயே இருக்கச் சொல்லுங்க. வீட்டுக்குள்ள வரக் கூடாது, அவ்ளோதான்."

பூசாரி உடுக்கையைக் கையில் வைத்தபடி நின்றார். "ஏம்மா, என்னை எல்லாரும் போகச் சொல்லத்தான் கூப்புடுவாங்க. இருக்கச் சொல்றதுக்கு எங்கிட்ட மந்திரம் கெடையாதே."

"மந்திரம் எதுக்கு?" என்றாள் அக்கா. "நாலு கல்லு நடுங்க. இனிமே இது அதோட எடம், இது எங்க எடம்னு சொல்லிடுங்க. பெரிய மனுஷன் முன்னால பேசி முடிச்சா யாரும் மீற மாட்டாங்க."

அன்று நடந்தது முழுக்க முழுக்கப் பாகப்பிரிவினை. நான் பல ஊரில் பல வீட்டுப் பாகப்பிரிவினைக்குக் கூட நின்றிருக்கிறேன், அண்ணன் தம்பி மண்டை உடைத்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். பேயோடு பாகம் பிரித்தது இது ஒன்றுதான். அக்கா துணிக்கொடி வரைக்கும் அதற்கு விட வேண்டும் என்றாள். மருமகள் துணிக்கொடி தனக்கு வேண்டும், பிள்ளைத் துணி நிறையக் காயப்போட வேண்டியிருக்கும் என்றாள்.

"அது பாவம், நெழலுக்கு எங்க போவும்?"

"மரம் முழுசா அதுக்குத்தான் அத்தை. கழிப்பறைக்குப் போற வழி மட்டும் நமக்கு."

"வடக்கால வரப்பு வரைக்கும்?"

"வச்சுக்கட்டும்."

பூசாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு தாசில்தாரைப் போல நடுவில் நின்றார். நான் கடப்பாரையால் குழி போட்டேன். நான்கு கருங்கல்லையும் நட்டு மஞ்சள் தடவினோம். மகன் போனில் வீடியோவாக வந்தான். மருமகள் அவனுக்கு எல்லைக் கற்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"நான் நிலத்தை விக்கலாங்கறேன். நீங்க எல்லாரும் சேந்து பேய்க்குப் பட்டா குடுக்கறீங்க. மாமா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான் குழி தோண்டற ஆளுப்பா. எங்கிட்ட கேக்காத" என்றேன்.

பூசாரி கடைசியாக மரத்தைப் பார்த்து, கூச்சத்தோடு, பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லுகிற குரலில், இது உன் எல்லை, அது அவர்கள் எல்லை, இருவரும் தாண்டக் கூடாது என்று சொன்னார். உடுக்கையைப் பைக்குள் வைத்தார். அடிக்கவே இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போகும்போது என்னிடம் மெல்ல, "இதுவும் ஒரு முறைதான் போலருக்கு" என்றார்.

மருமகள் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். இலை வைப்பது அத்தையின் வேலை, தான் வைக்க மாட்டாள். அக்கா சரி என்றாள். இறால் குட்டைக்காரரிடம், பிள்ளையோடு மருமகள் வந்த பிறகு பார்க்கலாம் என்று மகனும் சொல்லி வைத்தான். வருவாளா என்று யாருக்கும் தெரியாது. தாய் வீட்டுக்குப் போனபின் மனம் மாறலாம். தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரி, பஸ், விளக்கு எல்லாம் இருக்கிறது. திடலில் இருப்பது ஒரு கிழவியும் நான்கு கல்லும். அக்கா அந்த மாதங்களில் எனக்கு இரண்டு முறை போன் செய்தாள். அவள் போன் செய்கிறவள் அல்ல. இரண்டு முறையும், "கல்லு சாஞ்சிருக்கான்னு பாத்தேன், சாயல" என்று மட்டும் சொன்னாள்.

சித்திரையில் நான் மறுபடி திடலுக்குப் போனேன். அன்று மருமகள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வருவது நிச்சயம் என்று யாரும் சொல்லவில்லை. அக்கா காலையிலேயே சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, ஒரு இலையில் போட்டு மூடி வைத்திருந்தாள். ஆனால் கொண்டுபோய் வைக்கவில்லை. வாய்க்கால் கரையில் ஆட்டோ வந்து நின்றது. மகன் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான். பின்னால் மருமகள், மார்பில் சுற்றிய துணிக்குள் பிள்ளையோடு, வரப்பில் அடி பார்த்துப் பார்த்து நடந்து வந்தாள். பெண் பிள்ளை.

வாசலில் ஆலம் சுற்றிக் கொட்டினார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளைக்காக நீட்டினாள். பிறகு என்ன தோன்றியதோ, உள்ளே போய் அந்த இலையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பிள்ளைய என்கிட்ட குடு. இதைப் புடி."

மருமகள் இலையைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். "நான் வைக்க மாட்டேன்னு சொன்னேன்ல அத்தை."

"சொன்ன. ஆனா இன்னிக்கு வந்தது யாரு வூட்டுப் புள்ள? அதுகிட்ட நீதான் சொல்லணும்."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் தோளைப் பிடித்தேன். மருமகள் பிள்ளையைக் கொடுத்தாள். இலையை வாங்கிக்கொண்டு, துணிக்கொடியைத் தாண்டி, கற்கள் வரைக்கும் போனாள். எல்லைக்கு வெளியே நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. திரும்பி எங்களைப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன சொல்லி வைக்கணும் அத்தை? அதுக்குப் பேரு என்ன?"

பிள்ளையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அக்கா சொன்னாள்.

"பேரெல்லாம் கெடையாது. கூப்புடாத. கூப்புட்டா வூட்டுக்குள்ள வந்துடும். வச்சுட்டு வா, போதும்."

அவள் குனிந்து, கையை மட்டும் கல்லுக்கு அந்தப் பக்கம் நீட்டி, இலையை வைத்தாள். ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள்.